சத்தக்கால் சயோவுக்கு வந்த கருத்துகள்

செங்குளம்புதூரில் ஓர் ஆவணி மாத வியாழக்கிழமை விடிந்தபோது, ஊரில் முப்பத்தோரு பேரின் தலைக்கு மேல், சித்திரக்கதைகளில் பேசுகிறவர்களின் வாயிலிருந்து கிளம்புமே அந்த வெள்ளைக் குமிழிகள், உச்சந்தலைக்கு ஒரு முழம் உயரத்தில், வால் மட்டும் வாயைப் பார்த்து வளைந்திருக்க, காற்றில் லேசாக ஆடிக்கொண்டு நின்றன. குமிழிகளுக்குள், 'சத்தக்கால் சயோ' என்ற ஜப்பானிய நிஞ்சா கதையின் முதல் பாகத்தைப் பற்றி அவர்கள் எழுதிக்கொடுத்திருந்த கருத்துகள், அவரவர் கையெழுத்தில், அவரவர் எழுத்துப்பிழைகளோடு இருந்தன.

முதலில் அதைக் கண்டவர்கள் கறிக்கடைக்கு வந்தவர்கள். கடைக்காரர் மாடக்கண்ணு, சிரித்து யாரும் பார்த்திராத மனுஷர், கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்; அவர் தலைக்கு மேலே, "நூத்தி நாப்பத்தேழாம் பக்கத்துல அழுதுட்டேன், யார்ட்டயும் சொல்ல வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் அதை வாசித்தார்கள், எலும்பு குறைத்துப் போடச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். எட்டு மணிக்குள் டெய்லர் முத்துக்குட்டியின் கருத்து தெரிந்துவிட்டது: "இடுப்புல இவ்வளவு துணி வச்சா எந்த நிஞ்சாவும் சுவர் ஏற முடியாது." ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியை ரூபவதி டீச்சர் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினார். "காலில் சத்தம் வருகிற பெண், ஒளிந்து வேலை செய்யும் நிஞ்சாவாக ஆசைப்படுவது நம்பும்படி இல்லை, ஆனால் நான் நம்பினேன்" என்ற அவருடைய குமிழியைப் பார்த்துப் பிள்ளைகள் காலை வணக்கம் சொன்னார்கள்.

ஊர் அதற்குப் பழக எத்தனை நாள் ஆகும்? மூன்று நாள் ஆனது. குமிழி ஊசிக்கு உடையவில்லை, மழைக்கு நனையவில்லை, குடை பிடித்தால் குடைக்கு மேலே போய் நின்றது. ஆட்டோக்காரர்கள் கூரைத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். மினிபஸ் கண்டக்டர், "குமிழி உள்ளவங்கல்லாம் பின்னால போங்க, டிரைவருக்கு மறைக்கி" என்று டிக்கெட் கிழித்தார். கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் குமிழி உள்ள உறவினர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தினார், மாப்பிள்ளைக்கே ஒன்று இருந்தபோது அதில் எழுதியிருந்தது நல்ல கருத்தாக இருந்ததால் அப்படியே படத்தில் இருக்க விட்டுவிட்டார். ரூபவதி டீச்சர் ஸ்டூல் மேல் ஏறிச் சிவப்புப் பேனாவால் ஒருவரின் ஒற்றுப்பிழையைத் திருத்தப் பார்த்தார், மை ஒட்டவில்லை. கடைசியில் ஊரில் ஒரு மரியாதை பிறந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உள்ளாடையைப் பார்த்தும் பார்க்காமல் போவதுபோல, ஒருவர் தலைக்கு மேலே உள்ளதை ஒரு முறை வாசித்துவிட்டால் அடுத்த முறை கண்ணைத் தாழ்த்திக்கொள்வது என்று, யாரும் கூட்டம் போட்டுச் சொல்லாமலே முடிவாயிற்று.

அந்த மரியாதை எல்லோருக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது, ஒருவரைத் தவிர. முப்பது பேருக்கு ஆளுக்கு ஒரு குமிழி இருந்தபோது, அந்த ஒருவருக்கு மட்டும் இரண்டு இருந்தன.

அவர் பெயர் தாணுமாலயன். பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். ஆனால் தமிழ்நாட்டில் வாரப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். இருபத்தாறு வருஷமாக, எந்தப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியைப் புரட்டினாலும், 'செங்குளம்புதூர் தாணுமாலயன்' என்ற பெயர் நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது அச்சில் இருக்கும். தொடர்கதைக்கு ஒரு வரி, அட்டைப்படத்துக்கு ஒரு வரி, தலையங்கத்துக்கு இரண்டு வரி என்று அஞ்சலட்டையில் நறுக்கென்று எழுதுவார். கத்தரித்து ஒட்டிய பதினேழு நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன.

'சத்தக்கால் சயோ'வைத் தமிழுக்குக் கொண்டுவந்தவள் அதே ஊர்க்காரி, எப்சிபா. நர்ஸ் படித்துவிட்டு, ஜப்பானில் மலைநாட்டு நகரம் ஒன்றில் முதியோர் இல்லத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். படுக்கையில் கிடந்த கிழவர்களுக்குப் படக்கதை வாசித்துக் காட்டித்தான் அவள் அந்த மொழியைப் பிடித்தாள். அப்பா தவறிப் போனபின் ஊருக்குத் திரும்பி, பகலில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் உட்கார்ந்து முதல் பாகத்தை முடித்தாள். மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை அச்சிட்டது. வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் பாகம் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். அதனால்தான் ஊர் வாசகர் வட்டத்தில் ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை கொடுக்கப்பட்டது.

வெளியீட்டு விழாவன்று அவள் முதல் பிரதியைத் தாணுமாலயனிடம்தான் கொடுத்தாள். "அண்ணாச்சி, உங்க கருத்து வந்தாத்தான் எனக்குப் புத்தகம் வந்த மாதிரி" என்றாள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. படத்தில் எப்சிபா இருந்தாள், புத்தகம் இருந்தது, புத்தகத்தை வாங்குகிறவரின் முழங்கை வரைக்கும் இருந்தது. மிச்சத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். தாணுமாலயன் அந்த முழங்கையை வெகு நேரம் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகத் தன் பெயர் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், மற்றவர்கள் பெயரோடு நெரிசலில் நின்றுகொண்டிருக்க, நேற்று வந்தவள் பெயர் அட்டையில் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோபத்தோடு புத்தகத்தைத் திறந்தார். பதினோரு பக்கம் வாசித்தார். யாரோ செத்துக் கிடந்தார்கள், அதற்குப் பிறகு அவர்களே சண்டை போட்டார்கள், அதற்குப் பிறகு சண்டைக்குக் கிளம்பினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. மூடி வைத்துவிட்டு இரண்டு அட்டைகள் எழுதினார்.

முதல் அட்டையில், "சகோதரி எப்சிபாவின் அரிய முயற்சி! நம் ஊருக்கே பெருமை! – செங்குளம்புதூர் தாணுமாலயன்" என்று எழுதினார்.

இரண்டாவதை வேறு கையெழுத்தில் எழுதித் தென்காசியில் போய்த் தபாலில் போட்டார். "தலையும் இல்லை, வாலும் இல்லை. முடிவு முதலில் வருகிறது, காரணம் பிறகு வருகிறது. ஜப்பானியக் கிழவர்களின் மலம் அள்ளிய கைகளால் இலக்கியம் அள்ள முடியாது என்று அந்த அம்மையாரிடம் யாராவது சொன்னால் தமிழுக்கு நல்லது. – திருநெல்வேலி வாசகன்."

வந்த கருத்துகளிலேயே நன்றாக எழுதப்பட்டது அதுதான். பதிப்பாளர் அதை எப்சிபாவுக்குப் போனில் வாசித்துக் காட்டிவிட்டு, இரண்டாம் பாகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் நேராகத் தாணுமாலயன் வீட்டுக்கு வந்தாள். குமிழிகள் வருவதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். அவர் மனைவி உலகம்மை கொடுத்த காப்பியைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் செஞ்ச வேல அதுதான் அண்ணாச்சி. பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா எப்படித் தெரியும் அந்த ஆளுக்கு? நம்ம ஊர்க்காரவியளுக்குத்தான தெரியும்?"

தாணுமாலயன் தன் வாயால் சொன்னார்: "எவனாவது பொறாம புடிச்சவன் எழுதியிருப்பாம்மா. மனசுல வச்சுக்காத."

"நீங்க சொன்னாச் சரி" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை முகச்சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றபோது அவர் இரண்டையும் பார்த்தார். வலது பக்கம் பாராட்டு, இடது பக்கம் மற்றது. எழுதும்போது கையெழுத்தை மாற்றியிருந்தார் அல்லவா? குமிழி அதை அவருடைய சொந்தக் கையெழுத்துக்குத் திருப்பியிருந்தது. துண்டால் மூடினார்; துண்டு கீழே விழுந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவுக்கு மேலே இருந்த வெளிச்சத் துளை வழியாக இரண்டு குமிழிகளும் வெளியே வந்து நின்றன. உலகம்மை அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்று வாசித்தாள்.

பிறகு கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"அந்தப் பிள்ள நம்ம வீட்டு நாற்காலியில உக்காந்து அழுதுச்சு. நீங்க ஆறுதல் சொன்னீய. நான் பக்கத்துல நின்னு, நம்ம வீட்டு ஆளு எவ்வளவு நல்லவருன்னு நெனச்சேன்."

அன்று அவள் சமைத்தாள், பரிமாறினாள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு அலுவலகம் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது, ஏனென்றால் மனிதர்கள் பிறப்பதையும் இறப்பதையும் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வந்தவர்கள் அண்ணாந்தார்கள், வாசித்தார்கள், பிறகு ஊர் மரியாதைப்படி கண்ணைத் தாழ்த்தி அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மாமியாரின் இறப்பைப் பதிய வந்த மாடக்கண்ணு மட்டும், படிவத்தை நீட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் அழுத எடம், அந்த நூத்தி நாப்பத்தேழு. அத வாசிச்ச பொறவா இத எழுதினீய?"

தாணுமாலயன் படிவத்தில் முத்திரை குத்தினார். ஈரமில்லாத முத்திரை; ஒன்றும் பதியவில்லை. மாடக்கண்ணு அதைப் பார்த்தார், புரிந்துகொண்டார், போனார்.

அன்று மதியமே அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அலமாரி மேல் கிடந்த புத்தகத்தை எடுத்தார். வழக்கம்போல இடதுபக்கமிருந்து திறந்தார். முதலில் வருகிற தாள்களை வாசிக்காமல் தள்ளிவிடுவது அவர் பழக்கம், பதிப்புரிமை, அச்சகம் என்றுதானே இருக்கும். அன்றைக்கு ஒரு தாளையும் தள்ளக்கூடாது என்று நினைத்திருந்தார். முதல் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: "கொஞ்சம் நில்லுங்க! இது கடைசிப் பக்கம். ஜப்பானிய வழக்கப்படி இந்தக் கதையை வலதுபக்கமிருந்து வாசிக்க வேண்டும். புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள்."

அவர் அந்த நான்கு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தார். காது மடல்கள் சுட்டன, கழுத்து சுட்டது, தனியாக இருந்த அறையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் வாசகன் என்று பெயர் எடுத்தவர் ஒரு புத்தகத்தைப் பின்னாலிருந்து பதினோரு பக்கம் வாசித்துவிட்டு, தலையும் வாலும் இல்லை என்று எழுதியிருந்தார். அந்த எழுத்து அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு அங்கே இருந்தது. "எனக்குப் பதினாலு வயதில் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு வாரப் பத்திரிகையில் அச்சாகி வந்ததைப் பார்த்தேன். வாசகர் கடிதப் பகுதியில், தாணுமாலயன் அண்ணாச்சியின் பெயருக்கு முன்னால் அது இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அச்சில் இடம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது." அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டே கதையை வாசித்தார்.

சயோ என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. கால் வைத்த இடமெல்லாம் வெண்கலத் தட்டு விழுந்த மாதிரி சத்தம் எழும். அவளை எந்த நிஞ்சாப் படையிலும் சேர்த்துக்கொள்வதில்லை. ஒளிய முடியாதவள் ஒளியாமலே எதிரியின் கோட்டைக்குள் நடந்துபோகிறாள்; இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவள் வேலைக்காரியாகத்தான் இருப்பாள் என்று காவலர்கள் விட்டுவிடுகிறார்கள். கொல்ல வந்த இடத்தில் எதிரித் தலைவன் கிழவனாகிப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், யாரும் அவனைத் துடைத்துவிடுவதில்லை. நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் சயோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெந்நீர் கொண்டுவருகிறாள். "கொஞ்சம் புரளுங்க பெரியவரே, முதுகு காத்தாடட்டும். வெக்கப்படாதீங்க. ஒடம்புன்னா இதுதான்" என்கிறாள்.

எந்த அகராதியிலிருந்தும் அந்த வரிகளை எடுத்திருக்க முடியாது என்று தாணுமாலயனுக்குத் தெரிந்தது. ஆறு வருஷம் மற்றவர்களின் அப்பா அம்மாக்களைப் புரட்டிப் படுக்கவைத்த ஒருத்தியின் வாய்க்குத்தான் அது வரும். எந்தக் கைகளை அவர் கேவலப்படுத்தியிருந்தாரோ, அந்தக் கைகள்தான் அந்தப் பக்கத்தை எழுதியிருந்தன.

மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போனார். எப்சிபா ஒரு கிழவிக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றார். கிழவி எழுந்து போகும் வரைக்கும் அவள் நிமிரவில்லை.

"எப்சிபா, அந்த ரெண்டாவது…"

"தெரியும் அண்ணாச்சி. வியாழக்கெழமையே மைனி வந்து சொல்லிட்டாவ. சொல்லிட்டு எங்க அம்மா கையப் புடிச்சுக்கிட்டு அழுதாவ."

உலகம்மை போயிருந்தது அவருக்குத் தெரியாது.

"நான் பின்னாலருந்து வாசிச்சிருக்கேன்" என்றார். "பதினோரு பக்கம். அதுவும் தலைகீழா. அதுக்கு மேல வாசிக்கல."

எப்சிபா அவரைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நிற்பது போல அவர் வாழ்க்கையில் எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை.

"நீங்க பிடிக்கலன்னு எழுதியிருந்தா ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "மலம் அள்ளினேன்தான். அதுல எனக்கு ஒருநாளும் வெக்கம் இருந்ததில்ல. நீங்க எழுதின பொறவு வந்துச்சு. கிளினிக்குல யாரையும் தொடும்போது, இவிய அத நெனைப்பாவளோன்னு இருக்கு. அத எப்படி எடுப்பீய?"

"பதிப்பாளருக்கு நான் எழுதுதேன்" என்றார்.

"எழுதாதீய. எழுதினது போதும். நேர்ல போங்க." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மதுரைக்குப் போனார். பதிப்பகம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பதிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு குமிழிகளையும் வாசித்தார், வாசித்ததும் எழுந்தே விட்டார்.

"நீங்கதானா சார் அந்தத் திருநெல்வேலி வாசகன்? என்னா எழுத்து சார்! ஒக்காருங்க. நம்ம மாதப் பத்திரிகைல ஒரு முழுப் பக்கம் தர்றேன். வர்ற புத்தகத்தையெல்லாம் இப்படிப் போட்டுக் கிழிங்க. உங்க போட்டோ போட்டுருவோம்."

இருபத்தாறு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தைகள் அவை. வேறு ஒரு நாளில் வந்திருந்தால் அந்தப் படிக்கட்டிலேயே அழுதிருப்பார். இப்போது, காட்டிய நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நீங்க இந்தப் புத்தகத்த வாசிச்சீங்களா?" என்று கேட்டார்.

பதிப்பாளர் மேசைமேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "படமெல்லாம் பார்த்தேன் சார். அதான் உங்க கருத்து இருந்துச்சே."

"நானும் வாசிக்கல. வாசிக்காமத்தான் எழுதினேன். பாராட்டினதும் வாசிக்காமத்தான், திட்டினதும் வாசிக்காமத்தான்" என்றார் தாணுமாலயன். அவர் அதைச் சொன்னதும் "நம் ஊருக்கே பெருமை" என்று இருந்த வலதுபக்கக் குமிழி, காற்றுப் போன பலூன்போலச் சுருங்கி மேசைமேல் விழுந்தது. பதிப்பாளர் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். இடதுபக்கக் குமிழி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு தாணுமாலயன் நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, வாய்விட்டு வாசித்தார். பதிப்பாளர் கேட்டார். படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த ஒருவரும் நின்று கேட்டார். முடிந்ததும் பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; தன் அம்மாவும் இப்படித்தான் ஒரு வருஷம் கிடந்தாள் என்றார்.

இரண்டாம் பாகம் தை மாதம் வந்தது. அதற்குள் ஊரில் மற்ற முப்பது பேரின் குமிழிகளும் மங்கிக் கரைந்துவிட்டன. மாடக்கண்ணு தன்னுடையது போனதில் கொஞ்சம் வருத்தப்பட்டதாகக்கூடச் சொன்னார்கள். எப்சிபா வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தாள், கருத்து கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை. அவருடைய மிச்சக் குமிழி மட்டும் போகவேயில்லை.

இதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் மதுரையிலிருந்து தென்காசிப் பேருந்தில் ஏறினார். செங்குளம்புதூரின் மரியாதை தெரியாத வெளியூர்க்காரர்கள் திரும்பித் திரும்பி அண்ணாந்தார்கள். திருமங்கலத்தில் ஒரு தாயும் மகளும் ஏறி அவருக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். குழந்தைக்கு ஆறு வயதிருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்ட குழந்தை, வழியில் கண்ட பலகை எல்லாவற்றையும் உரக்க வாசித்துக்கொண்டே வந்தது. பிறகு அவர் தலைக்கு மேலே பார்த்தது.

"த… லை… யும்… இல்… லை…"

"ஏய், சும்மா வா" என்று தாய் அதன் தொடையில் தட்டினாள்.

"வாசிக்கட்டும் விடுங்க" என்றார் தாணுமாலயன்.

குழந்தை வாசித்தது. பேருந்து முழுக்கக் கேட்டது. கிழவர்களின் என்ற இடத்தில் தடுமாறிச் சரிசெய்துகொண்டது. மலம் என்ற இடத்தில் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது. அடுத்த ஒரு சொல்லில் நின்றுவிட்டது. "அது என்ன மாமா?"

"இலக்கியம்" என்றார் அவர். "இ, ல, க்… கி… யம்."

"இலக்கியம் அள்ள முடியாது" என்று முடித்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. "இது யாரு எழுதினது மாமா?"

பேருந்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நாந்தாம்மா எழுதினேன்."

"யாரை?"

"ஒரு அக்காவ. ரொம்ப நல்ல அக்கா."

குழந்தைக்கு அது விளங்கவில்லை. விளங்காததைப் பெரிதுபண்ணாமல் மறுபடி அண்ணாந்து பார்த்தது. இவ்வளவு நீளமாக ஒன்றை அது இதற்கு முன் வாசித்து முடித்ததில்லை. முகமெல்லாம் பெருமையாக இருந்தது.

"இப்ப நிறுத்தாம வாசிப்பேன். இன்னொரு தடவ வாசிக்கட்டா மாமா?"

தாணுமாலயன், வாசிக்க வசதியாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"வாசிம்மா" என்றார்.